பதினேழு வரிகள்: ஆன்டிகனியின் இறுதி வாதமும் கிரேக்கத் துன்பியலை வாசிக்கும் வழிகளும்

சிக்கல்

சோபக்ளீஸின் 'ஆன்டிகனி' ஏறத்தாழ கி.மு. 441இல் ஏதென்ஸில் அரங்கேறியதாகக் கொள்ளப்படும் துன்பியல் நாடகம். அதன் 1353 வரிகளில் 904 முதல் 920 வரையிலான பதினேழு வரிகளைப் போல உரையாசிரியர்களைத் தொல்லைப்படுத்திய பகுதி கிரேக்க நாடக இலக்கியத்தில் வேறு அதிகம் இல்லை. கதையின் அடிப்படை எளிது. தீப்ஸ் நகரின் ஆட்சியுரிமைக்காக ஈடிபஸின் இரு மைந்தர்கள் போரிட்டு ஒருவரையொருவர் கொன்று மடிகின்றனர். நகரைக் காத்து நின்ற எட்டியோகிளீஸுக்கு உரிய மரியாதையுடன் ஈமக்கடன் செய்யப்படுகிறது. அயற்படையுடன் வந்த பாலிநைசஸின் உடலை நாய்க்கும் பறவைக்கும் விட்டுவிட வேண்டும் என்று புதிய ஆட்சியாளனும் தாய்மாமனுமான கிரெயோன் ஆணையிடுகிறான். ஆணையை மீறித் தமையன் உடல்மீது மண்ணிட்டுச் சடங்கு செய்த ஆன்டிகனி பிடிபட்டு, பாறைக் குகைக்குள் உயிருடன் அடைக்கப்படத் தண்டனை பெறுகிறாள்.

கிரெயோனை முதன்முறை எதிர்கொள்ளும்போது அவள் முன்வைக்கும் நியாயம் உலகறிந்தது: மனிதன் பிறப்பிக்கும் ஆணையைவிட, எழுதப்படாதவையும் அழியாதவையுமான தெய்வ நியதிகள் மேலானவை. ஆனால் குகையை நோக்கிப் புறப்படும் வேளையில் அவள் சொல்வது வேறாக ஒலிக்கிறது. இறந்தது கணவனாகவோ பெற்ற பிள்ளையாகவோ இருந்திருந்தால் நகரத்தின் விருப்பத்தை மீறியிருக்கமாட்டேன் என்கிறாள். கணவன் போனால் இன்னொருவன் அமைவான், பிள்ளை போனால் மற்றொரு பிள்ளை பிறக்கலாம். தாயும் தந்தையும் பாதாளம் சேர்ந்துவிட்ட பின் இன்னோர் உடன்பிறந்தான் பிறக்க வழியில்லை என்பது அவள் காட்டும் காரணம். எல்லா இறந்தோர்க்கும் உரிய தெய்வ நியதி எங்கே, ஒரே ஓர் உறவுக்கு மட்டும் செல்லுபடியாகும் இந்தக் கணக்கு எங்கே?

இக்கட்டுரை அந்தப் பதினேழு வரிகளை உரைகல்லாகக் கொள்கிறது. துன்பியலை வாசிக்கும் முறைகள் பலவற்றையும் பொதுவாக விவரிப்பதைவிட, ஒவ்வொரு முறையும் இந்த இடத்தை என்ன செய்கிறது என்று பார்ப்பது அவற்றின் வலிமையையும் முன்முடிவுகளையும் தெளிவாகக் காட்டும்.

இடைச்செருகல் என்னும் தீர்ப்பு

1827 மார்ச் மாதத்தில் கதே தம் உதவியாளர் எக்கர்மானுடன் நடத்திய உரையாடலில், இவ்வரிகள் நாடகத்துக்கு ஒரு கறை என்றும், இவை சோபக்ளீஸ் எழுதியவை அல்ல என்று திறமையான மொழியறிஞர் ஒருவர் மெய்ப்பித்தால் மகிழ்ச்சி என்றும் குறிப்பிட்டார். உயர்ந்த நோக்கங்களை எடுத்துரைத்த ஒரு பெண், சாகப்போகும் நேரத்தில் தருக்கக் கணக்குப் பார்ப்பது அவருக்கு ஒவ்வவில்லை. இங்கே வரிசையைக் கவனிக்க வேண்டும். வரிகளை நீக்கும் விருப்பம் முதலில் வருகிறது. சான்று பின்னர் தேடப்படுகிறது.

தேடியவர்கள் வெறுங்கையுடன் திரும்பவில்லை. 1888இல் வெளிவந்த ரிச்சர்ட் ஜெப்பின் பதிப்பு, இன்றளவும் சோபக்ளீஸ் பயில்வோர் கைவிடாத பெரும்பணி, இப்பகுதியை இடைச்செருகல் எனக் கருதியது. காரணங்கள் மூன்று. முன்சொன்ன கொள்கையுடன் இது முரண்படுகிறது என்பது முதலாவது. சொல்லமைப்பு சில இடங்களில் தடுமாறுகிறது என்பது இரண்டாவது. மூன்றாவது காரணமே கனமானது: இந்த வாதம் ஹெரோடோட்டஸின் வரலாற்று நூலில், மூன்றாம் புத்தகத்தில் உள்ள பாரசீகக் கதை ஒன்றை அடியொற்றியது. அக்கதையில் இன்டாஃபெர்னஸ் என்பவனின் குடும்பத்து ஆடவர் அனைவரும் மன்னன் டேரியஸின் சிறையில் கொலைக்குக் காத்திருக்கின்றனர். அவர்களுள் ஒருவரை மட்டும் மீட்டுக்கொள்ளலாம் என்று மன்னன் இன்டாஃபெர்னஸின் மனைவியிடம் சொல்ல, அவள் கணவனையும் மக்களையும் விட்டு உடன்பிறந்தானைத் தேர்கிறாள். அங்கே காப்பாற்றப்பட வேண்டியவன் உயிருடன் இருக்கிறான். ஆன்டிகனியின் தமையனோ பிணமாகக் கிடக்கிறான். இறந்தவனை எவ்வளவு போற்றினாலும் அவன் திரும்பப்போவதில்லை என்பதால், கடன்வாங்கிய வாதம் இடம் பொருந்தாமல் நிற்கிறது என்பது ஜெப்பின் முடிவு. டட்லி ஃபிட்ஸும் ராபர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டும் 1939இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு இவ்வரிகளை விட்டுவிட்டது. அமெரிக்கப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பல தலைமுறைகள் படித்த மொழிபெயர்ப்பு அது.

மூலபாட ஆய்வு, அதாவது சுவடிகளை ஒப்பிட்டு ஆசிரியர் எழுதியது எது என்று துணியும் முறை, இங்கே எதிர்ச்சான்று ஒன்றைச் சந்திக்கிறது. சுவடிகள் இப்பகுதியைத் தாங்கியே வந்துள்ளன. அதைவிட முக்கியமாக, அரிஸ்டாட்டில் தம் 'சொல்லாட்சிக் கலை' நூலின் மூன்றாம் புத்தகத்தில், நம்பத் தயங்கும் செய்தியைச் சொல்பவர் அதற்குரிய காரணத்தையும் உடன் சேர்க்க வேண்டும் என்பதற்கு, ஆன்டிகனியின் இதே வாதத்தைச் சோபக்ளீஸின் பெயருடன் எடுத்துக்காட்டாகத் தருகிறார். நாடகம் அரங்கேறி ஏறக்குறைய நூறாண்டுக்குள் இவ்வரிகள் பாடத்தில் இருந்தன, ஐயமின்றி ஏற்கப்பட்டன என்று இதிலிருந்து தெரிகிறது.

இதையும் மிகைப்படுத்தலாகாது. பழைய துன்பியல் நாடகங்களை நாடக விழாவில் மீண்டும் நிகழ்த்தும் வழக்கம் கி.மு. 386இல் ஏதென்ஸில் தொடங்கியது. நடிகர்கள் தம் வசதிக்கேற்ப வரிகளைச் சேர்த்தும் குறைத்தும் வந்தனர். அவ்வாறு கெட்ட பாடங்களைக் கட்டுப்படுத்தவே, நான்காம் நூற்றாண்டின் பிற்பாதியில் லைகர்கஸ் என்னும் அரசியல் தலைவர் மூன்று பெரும் நாடகாசிரியர்களின் படைப்புகளுக்கும் அதிகாரபூர்வப் படிகளை நகரக் காப்பகத்தில் வைக்கச் சட்டம் கொண்டுவந்தார். ஆகவே அரிஸ்டாட்டில் படித்த பாடமே நடிகர் கைபட்டதாக இருக்கலாம் என்ற வாதத்துக்குச் சிறிது இடமுண்டு. ஆனால் 'இருக்கலாம்' என்பது நீக்குவதற்குப் போதிய காரணம் அன்று. மெய்ப்பிக்கும் சுமை நீக்குவோர்மீதே விழுகிறது. அதை அவர்கள் இறக்கிவைக்கவில்லை.

ஹெகலும் இரு நியாயங்களும்

கதே அகற்ற விரும்பிய இதே வரிகள், அவர் காலத்திலேயே வாழ்ந்த ஹெகலின் விளக்கத்துக்கு அடித்தூணாக அமைந்தவை. 1807இல் வெளியான 'ஆன்ம நிகழ்வியல்' நூலில், கணவன்–மனைவி உறவில் இச்சையும் பெற்றோர்–பிள்ளை உறவில் ஏற்றத்தாழ்வும் கலந்திருக்க, உடன்பிறந்தான்–உடன்பிறந்தாள் உறவு மட்டுமே இருவரையும் ஒருவரையொருவர் விடுதலையுடன் அறியச் செய்கிறது என்றும், எனவே தமையன் இழப்பு தங்கைக்கு ஈடுசெய்ய முடியாதது என்றும் ஹெகல் எழுதினார். இதன்மேல் எழுந்ததே அவருடைய புகழ்பெற்ற கொள்கை: குடும்பத்தின் நியாயமும் அரசின் நியாயமும் தத்தம் அளவில் சரியானவை, ஒவ்வொன்றும் மற்றதை மறுக்கும் அளவில் பிழையானவை, இந்த மோதலே துன்பியல்.

கதேயும் எக்கர்மானும் 1827 மார்ச்சில் விவாதித்த நூல் ஹெகலின் மாணவர் ஹின்ரிக்ஸ் துன்பியல் பற்றி எழுதியது என்பது கவனிக்கத்தக்கது. கிரெயோன் அரசின் அறத்துக்காக நிற்கிறான் என்ற கருத்தைக் கதே மறுத்தார். பிணத்தை அழுகவிட்டு நகரையே மாசுபடுத்தும் செயல் அரசியல் அறம் ஆகாது என்பது அவர் வாதம். இதில் கதே பக்கமே நாடகம் நிற்கிறது. பிற்பகுதியில் முதிய குறிசொல்லி டைரீசியஸ் வந்து, பலிபீடங்கள் பிணத்தசையால் தீட்டுப்பட்டன, தெய்வங்கள் வேள்வியை ஏற்க மறுக்கின்றன என்று அறிவிக்கிறார். தெய்வங்கள் இரு தரப்பையும் சமமாக நிறுத்தவில்லை.

ஆயினும் ஹெகலை முற்றாகத் தள்ளிவிட முடியாதபடி ஒரு வரலாற்றுச் சான்று குறுக்கே நிற்கிறது. கி.மு. 343இல் நடந்த ஒரு வழக்கில் டெமாஸ்தனீஸ் தம் எதிரி ஈஸ்கினீஸைத் தாக்கிப் பேசினார். ஈஸ்கினீஸ் அரசியலுக்கு வருமுன் நடிகராக இருந்தவர்; 'ஆன்டிகனி'யில் கிரெயோனாக நடித்தவர். அந்த நாடகத்தில் கிரெயோன் முதன்முதலாக நிகழ்த்தும் உரையை, நண்பரைவிடத் தாய்நாடே பெரிது என்று சொல்லும் உரையை, நீதிமன்றத்தில் படிக்கச் செய்து, இதை மனப்பாடம் செய்து மேடையில் பேசிய மனிதர் இதன்படி நடக்கவில்லையே என்று டெமாஸ்தனீஸ் குற்றம் சாட்டினார். ஏதென்ஸ் நடுவர்களின் காதுக்கு அவ்வுரை கொடுங்கோலனின் பேச்சாகக் கேட்கவில்லை. நல்ல குடிமகனின் கொள்கையாகவே கேட்டிருக்கிறது. ஆன்டிகனியைத் தொடக்கம் முதலே மனச்சான்றின் தியாகியாகவும் கிரெயோனைத் தொடக்கம் முதலே சர்வாதிகாரியாகவும் பார்க்கும் இருபதாம் நூற்றாண்டு வாசிப்பு, ஆக்கிரமிப்பின் கீழிருந்த பாரிஸில் 1944இல் அரங்கேறிய ழான் அனூயியின் 'ஆன்டிகனி'க்குப் பின் வேரூன்றிய வாசிப்பு, இந்தச் சான்றைக் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது.

ஏதென்ஸ் குடிமகனின் கண்கள்

ஏதென்ஸ் நடுவர்களின் அந்தக் காது எப்படிப்பட்டது என்ற கேள்வியிலிருந்து தொடங்குவது வரலாற்று மானிடவியல் அணுகுமுறை. ழான்-பியேர் வெர்னானும் பியேர் விடால்-நக்கேயும் 1972இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பு இதன் அடையாளக் கல். வீரயுகத் தொன்மத்தின் மதிப்புகளும் புதிதாக உருவாகிவந்த நகரரசின் சட்டச் சிந்தனையும் மோதிக்கொண்ட ஒரு குறுகிய காலத்தில்தான் துன்பியல் பிறந்தது என்றும், அதனாலேயே ஒரே சொல்லை இரு பாத்திரங்கள் இரு பொருளில் கையாள்கின்றனர் என்றும் அவர்கள் காட்டினர். 'நோமோஸ்' என்ற கிரேக்கச் சொல் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வழக்கம், நியதி, சட்டம் ஆகிய மூன்றையும் அது குறிக்கும். கிரெயோன் வாயில் அரசாணையாகவும் ஆன்டிகனி வாயில் தெய்வ வழக்காகவும் ஒலிக்கும் அச்சொல், சிக்கலுக்குரிய பதினேழு வரிகளுக்குள்ளும் வருகிறது. எந்த நோமோஸின்படி இதைச் சொல்கிறேன் என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டு விடை தருகிறாள்.

சமூக வரலாற்றிலிருந்து துன்பியலை விளக்கும் முயற்சி இதற்கு முன்பே உண்டு. ஜார்ஜ் தாம்சன் 1941இல் வெளியிட்ட 'எஸ்கிலசும் ஏதென்ஸும்' குலச் சமுதாயம் சிதைந்து வர்க்கச் சமுதாயம் எழுந்ததன் தடத்தில் துன்பியலின் தோற்றத்தைக் கண்டது. அவரிடம் பர்மிங்காமில் ஆய்வு செய்த க. கைலாசபதியும் கார்த்திகேசு சிவத்தம்பியும் அந்த நோக்கைப் பழந்தமிழ் வீரநிலைப் பாடல்களுக்கும் பண்டைத் தமிழ்ச் சமூக நாடகத்துக்கும் கொண்டுவந்தனர் என்பதால், கிரேக்கத் துன்பியல் ஆய்வின் ஒரு கிளை தமிழ்த் திறனாய்வுக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கிறிஸ்டியன் சூர்வினோ-இன்வுட் 1989இல் எழுதிய கட்டுரை இந்த அணுகுமுறையை அதன் எல்லை வரை கொண்டுசென்றது. ஐந்தாம் நூற்றாண்டுப் பார்வையாளரின் முன்னறிவுகளை மீட்டெடுக்காமல் நாடகத்தைப் படித்தால் நம் காலத்தின் அனுதாபங்களையே அதில் படிக்கிறோம் என்றார் அவர். ஏதென்ஸில் துரோகிகளின் உடலை நாட்டு எல்லைக்குள் அடக்கம் செய்யத் தடை இருந்தது. போரில் இறந்தோரின் ஈமச்சடங்கைக் குடும்பத்திடமிருந்து நகரம் தன் கையில் எடுத்துக்கொண்டிருந்தது. பெண் பொது விவகாரத்தில் தானாக இறங்குவது அச்சுறுத்தும் செயலாகக் கருதப்பட்டது. இப்பின்னணியில் ஆன்டிகனி முதலில் 'கெட்ட பெண்'ணாகவே தோன்றியிருப்பாள் என்பது அவர் முடிவு. எதிர்விடையும் அதே சட்டத்தில் இருக்கிறது: எல்லைக்கு வெளியே புதைக்க அச்சட்டம் இடம் தந்தது. யாரும் புதைக்கக்கூடாது என்று காவல் வைத்த கிரெயோன் அதைத் தாண்டிச் சென்றுவிட்டான்.

பதினேழு வரிகளுக்கு இவ்வழியில் கிடைக்கும் மிகக் கூர்மையான விளக்கம் ஷீலா மர்னகன் 1986இல் முன்வைத்தது. திருமணம் நகரம் ஏற்படுத்திய நிறுவனம். அதில் கணவன் என்பது ஓர் இடம், அந்த இடத்தில் இன்னொருவர் அமரலாம். ஏதெனியச் சட்டம் கைம்பெண்ணின் மறுமணத்தை இயல்பாகவே கருதியது. நகரத்தின் பார்வையில் குடிமக்களும் அவ்வாறே ஒருவருக்கொருவர் ஈடாகக்கூடியவர்கள். போரில் ஒருவர் விழுந்தால் அணியில் மற்றொருவர் நிற்பார். இவளை விட்டால் உழுவதற்கு வேறு நிலங்கள் உண்டு என்ற பொருள்பட, தன் மகன் ஹேமனின் மணப்பெண்ணான ஆன்டிகனியைப் பற்றிக் கிரெயோனே முன்னர் பேசியிருக்கிறான். இப்படிப் படித்தால் ஆன்டிகனியின் 'கணக்கு' அவளுடையது மட்டுமன்று. நகரத்தின் கணக்கையே எடுத்து, அந்தக் கணக்குக்குள் அடங்காத ஓர் உறவை அவள் சுட்டிக்காட்டுகிறாள். இக்கட்டுரையின் மதிப்பீட்டில், இப்பகுதியைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் மிகவும் பயனுள்ள கண்டறிதல் இதுவே.

நகரரசு மையப் பார்வைக்கு மறுப்புகளும் எழுந்தன. நாடக விழாவின் அரசியல் சடங்குகளைத் துன்பியலின் சந்தேகக் குரலுடன் இணைத்து சைமன் கோல்ட்ஹில் 1987இல் எழுதியதற்கு, ஜாஸ்பர் கிரிஃபின் 1998இல் விடையளித்தார். கவிதையின் இன்பமும் துயரத்தின் அனுபவமும் சமூகப் பயன்பாடு என்ற ஒற்றைச் சொல்லில் கரைந்துவிடுகின்றன என்பது அவர் கவலை. அது நியாயமான கவலை.

வேட்கையின் வாசிப்பு

உளப்பகுப்பாய்வாளர் ழாக் லக்கான் 1959–60இல் நடத்திய கருத்தரங்கில் கதேயின் சங்கடத்தையே தொடக்கமாக எடுத்துக்கொண்டார். அறிஞர்களைத் துணுக்குறச் செய்யும் இடமே உண்மை வெளிப்படும் இடம் என்பது அவர் அணுகுமுறை. தமையன் நல்லவனா கெட்டவனா என்பதைப் பொருட்படுத்தாமல் 'அவன் அவனே' என்ற அளவில் மட்டும் நிற்கும் வேட்கையை அவர் இவ்வரிகளில் கண்டார். ஜூடித் பட்லர் 2000ஆம் ஆண்டு நூலில் இன்னொரு முடிச்சை அவிழ்த்தார். ஈடிபஸ் தன் தாயை மணந்து பெற்ற மகள் ஆன்டிகனி. ஆகவே ஈடிபஸ் அவளுக்குத் தந்தை மட்டுமல்லன், ஒரு தாய் வயிற்றில் பிறந்த தமையனும் ஆவான். ஈடுசெய்ய முடியாத ஒரே தமையன் என்று அவள் சொல்லும்போது அச்சொல் யார் யாரைச் சுட்டுகிறது என்பது நிலையாக நிற்பதில்லை. பாடத்தின் சொற்களிலேயே வேர்கொண்ட கவனிப்பு இது. ஆனால் இவ்விரு வாசிப்புகளும் நாடகத்தை ஒரு சிந்தனைப் பனுவலாகவே நடத்துகின்றன. அந்த நேரத்தில் மேடையில் அவள் யாரிடம் பேசுகிறாள் என்று அவை போதிய அளவு கேட்பதில்லை.

யாரிடம் பேசுகிறாள்?

அந்தக் கேள்வியைக் கேட்பது அரங்க அணுகுமுறை. டைக்கோ வான் விலாமோவிட்ஸின், அவர் இறந்த பின் 1917இல் வெளிவந்த, சோபக்ளீஸின் நாடக உத்தி பற்றிய நூல், பாத்திரத்தின் ஒருமையைவிடக் காட்சியின் உடனடி ஆற்றலே நாடகாசிரியரை வழிநடத்தியது என்று வாதிட்டது. நெடுங்காலம் கழித்து ஆலிவர் டாப்ளின் 1977இல், வருகை, வெளியேற்றம், அசைவு ஆகியவை பொருளைத் தாங்குவதைக் காட்டினார்.

காட்சி இவ்வாறு அமைந்திருக்கிறது. குகைக்குக் கொண்டுசெல்லப்படும் ஆன்டிகனி தீப்ஸ் முதியோர் குழுவுடன் மாறிமாறிப் பாடும் புலம்பல் முடிந்திருக்கிறது. தன் சாவுக்குத் தானே ஒப்பாரி வைக்க வேண்டிய நிலை அவளுக்கு. ஒப்பாரிக்கு இடம் கொடுத்தால் யாரும் நிறுத்தமாட்டார்கள் என்று கிரெயோன் இடைமறிக்கிறான். அதன்பின் அவள் பேசும் உரை கிரெயோனை நோக்கியது அன்று. கல்லறையை, அதையே மணவறை என்று, விளித்துத் தொடங்குகிறாள். பிறகு தந்தையை, தாயை, தமையனை விளிக்கிறாள். தன் கையால் அவர்களைக் குளிப்பாட்டி, ஒப்பனை செய்து, நீர்க்கடன் செலுத்தியதை நினைவுகூர்கிறாள். பதினேழு வரிகள் அந்த விளியின் தொடர்ச்சி. அரசனிடம் பேசியபோது சட்டத்துக்கு எதிராக மேலான சட்டத்தை வைத்தவள், இறந்தோரிடம் பேசும்போது உறவின் மொழியில் பேசுகிறாள். கேட்பவர் மாறினால் காரணமும் மாறும் என்பது வாழ்க்கையின் வழக்கம். முரண்பாடு என்று அதை அழைக்க வேண்டியதில்லை.

முரண்பாடு என்ற குற்றச்சாட்டு வேறொரு வகையிலும் வலுவிழக்கிறது. எழுதப்படாத நியதிகளைப் பற்றிய அதே முந்தைய உரையின் முடிவில், தன் தாய் பெற்றவன் புதைக்கப்படாமல் கிடக்க விட்டிருந்தால்தான் வருந்தியிருப்பேன் என்று அவள் சொல்கிறாள். சற்றுப் பின்னர், ஒரே வயிற்றில் பிறந்தவரைப் போற்றுவதில் வெட்கமில்லை என்கிறாள். நாடகத்தின் முதல் வரியிலேயே உடன்பிறந்தாள் இஸ்மேனியை அவள் அழைக்கும் விளி 'பொதுவான', 'உடன்பிறந்த' என்ற பொருள்தரும் சொற்களால் கட்டப்பட்டது. உடன்பிறந்தானைக் குறிக்கும் 'அடெல்ஃபோஸ்' என்ற கிரேக்கச் சொல் 'ஒரே கருப்பை' என்னும் பகுதிகளால் ஆனது. தமிழில் வழங்கும் 'சகோதரர்' என்ற வடசொல்லும் 'ஒரே வயிறு' என்றே பொருள்படும். தெய்வ நியதியும் தாய்வயிறும் அவளிடம் தொடக்கம் முதலே பிரியாமல் இருந்தன. இறுதியில் இரண்டாவது மட்டும் தனித்து ஒலிக்கிறது. தெய்வங்களும் தன்னைக் கைவிட்டனவோ என்ற ஐயம் அடுத்த வரிகளிலேயே அவள் வாயில் வருவதால், அந்த மாற்றத்துக்குக் காரணமும் காட்சிக்குள்ளேயே இருக்கிறது. பெர்னார்ட் நாக்ஸ் 1964இல் இதை ஏறத்தாழ இவ்வாறே கண்டார்: சாவின் முன் பொதுக் காரணங்கள் எல்லாம் உதிர்ந்து, அவளை உண்மையில் இயக்கியது எஞ்சுகிறது.

ஹெரோடோட்டஸின் கதை பொருந்தவில்லை என்ற மறுப்பு மட்டும் எஞ்சுகிறது. இவ்வகை வாதம் பாரசீகக் கதைக்கு மட்டும் உரியதன்று. பாலி மொழி ஜாதகக் கதைகளுள் 67ஆவதான 'உச்சங்க ஜாதகம்' இதையே சொல்கிறது: மூவருள் ஒருவரைத் தேர்ந்துகொள்ளச் சொன்ன மன்னனிடம், பிள்ளை மடியில் கிடைப்பான், கணவன் வழியில் கிடைப்பான், உடன்பிறந்தானைத்தான் எங்கும் பெற முடியாது என்று ஒரு பெண் விடை தருகிறாள். வால்மீகி இராமாயணத்தில் வீழ்ந்துகிடக்கும் இலக்குவன் அருகில் இராமன் அரற்றுவதும் இந்தப் பொருளையே தொடுகிறது. அங்கே இழந்ததாகக் கருதப்படும் தம்பிக்காக எழும் புலம்பலில் இது வருகிறது. ஆகவே பேரம்பேசும் வாதமாக மட்டுமன்றி, புலம்பலின் வாய்பாடாகவும் இது வழங்கியிருக்கிறது. ஒப்பாரியில் 'உன்னைப்போல் இன்னொருவர் எனக்குக் கிடைப்பாரா' என்ற கேள்வி இறந்தவரை மீட்கும் திட்டமாகக் கேட்கப்படுவதில்லை. இழப்பின் அளவைச் சொல்லவே கேட்கப்படுகிறது. ஜெப் இதை வழக்குரையாகப் படித்ததால் பிழை கண்டார். புலம்பலாகக் கேட்டால் பொருத்தம் தெரிகிறது. சொல்லமைப்பின் தடுமாற்றம் சிறிது எஞ்சலாம். அதற்காகப் பதினேழு வரிகளை வெட்ட முடியாது.

மாசற்ற கொள்கை வீராங்கனை ஒருத்தியை முன்கூட்டியே வடித்து வைத்துக்கொண்டு நாடகத்துக்கு வந்தவர்களுக்கே இவ்வரிகள் கறையாகத் தெரிந்தன. மேடையில் நிற்பவள் தன் இரு தமையன்மாரையும் ஒரே நாளில் இழந்த, மணமாகாத, பாறைக்குள் உயிருடன் அடைபடப் போகும் இளம்பெண். அவள் இறுதியாகச் சொன்னதைச் சோபக்ளீஸ் எழுதியதாகவே கொள்ள வேண்டும். 'ஆன்டிகனி'யை எந்த மொழிபெயர்ப்பில் படிப்பவரும், படிக்கத் தொடங்குமுன் 904 முதல் 920 வரையிலான வரிகள் அந்நூலில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்; இல்லையென்றால் வேறொரு மொழிபெயர்ப்பைத் தேடுவது நல்லது.